நெஞ்சு வலி என்று எழுதப்பட்ட அடி

கடந்த தை மாதம் மாவட்ட அளவிலான பள்ளிக் கபடிப் போட்டியின் அரையிறுதியில், எங்கள் அணியில் வலது கவர் என்னும் தடுப்பாட்ட இடத்தில் நின்ற பதினோராம் வகுப்பு மாணவி, பாடி வந்த எதிரணி ரெய்டரை டேஷ் அடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டுத் திரும்பும்போது, இடது கையை மடக்கி உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னம்மா, தோளா?" என்று கேட்டேன். "ஆமா டீச்சர், தோள்தான்" என்றாள். தோளில் ஸ்பிரே அடித்தேன். கையைச் சுழற்றிக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் சுழற்றிக் காட்டிவிட்டு மறுபடி களத்துக்குள் போனாள். அந்த ஆட்டத்தில் வென்றோம், இறுதி ஆட்டத்தில் தோற்றோம், அவள் இரண்டையும் முழுமையாக ஆடினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதிய வேளையில் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் அறைக்குள் வராமல், மைதானத்து வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டு ஆயாவிடம் சொல்லி என்னை வரவழைத்தார். "புள்ளைக்கு மாருல கட்டி இருக்குங்க டீச்சர்" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அடிபட்ட அன்று இரவே அவள் தன் பாட்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பாட்டி, புளியையும் கல்லுப்பையும் கரைத்துக் காய்ச்சிச் சூட்டோடு பற்றுப் போட்டிருக்கிறார். மறுநாள் விளக்கெண்ணெய் தடவி நன்றாக உருவியும் விட்டிருக்கிறார். கருநீலமாக இருந்த தோல் பச்சையாகி, மஞ்சளாகி, பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் மறைக்கப் பயந்துதான் பாட்டி மருமகளிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பெண் அறுவை மருத்துவர் ஒருவர் பார்த்தார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். பழைய ரத்தக்கட்டும், அதைச் சுற்றி அடிபட்டுச் செத்துப்போன கொழுப்புத் திசுவும்தான் அந்தக் கட்டி என்று தெரிந்தது. "எப்போம்மா அடிபட்டுச்சு?" என்று மருத்துவர் கேட்டபோது, நாள், ஆட்டம், இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடம், எதிராளியின் முழங்கை என்று அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்ததும் கேட்டேன். "நீங்க தோளான்னுதானே டீச்சர் கேட்டீங்க" என்றாள்.

அந்த விடை என்னை விடவே இல்லை. கேள்வியோடு சேர்த்து விடையையும் நானே அவளுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். இத்தனைக்கும் அந்தக் கையை மடக்கும் விதம் எனக்குத் தெரியாததல்ல. நானே ஒரு காலத்தில் அப்படி மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

1998இல் நான் கல்லூரி அணியில் ரெய்டராக இருந்தேன். ஒரு பயிற்சி ஆட்டத்தில் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, குறுக்கே பிளாக் வைத்தவளின் தலை என் வலது மார்பில் முழு வேகத்தில் மோதியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் மாஸ்டர் நல்லவர், வயதில் மூத்தவர், ஆண். அவரிடம் "நெஞ்சு வலிக்குது மாஸ்டர்" என்றேன். பதறிப்போன அவர் என்னை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கும் நெஞ்சு வலி என்றே சொன்னேன். சீட்டிலும் அப்படியே எழுதினார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அடிபட்ட இடத்தை அன்று யாரும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் குப்புறப் படுக்க முடியாமல் இருந்தேன்.

இதில் சொல்லின் பங்கு பெரியது என்று நினைக்கிறேன். கணுக்கால் பிசகியது, முட்டி பெயர்ந்தது, விரல் மடங்கியது என்று ஒவ்வொரு அடிக்கும் மைதானத்தில் உரக்கச் சொல்லக்கூடிய ஒரு சொல் இருக்கிறது. இந்த அடிக்கு மட்டும் இல்லை. பழம்பாடல்களில் கூச்சமில்லாமல் வழங்கிய "முலை" என்ற சொல்லை வசையாக்கி ஒதுக்கிவிட்டோம். "மார்பகம்" என்பது புற்றுநோய் விழிப்புணர்வுச் சுவரொட்டியின் சொல்லாகிவிட்டதால், அதைக் கேட்டாலே பெண்பிள்ளைகளுக்கு நோய்தான் நினைவுக்கு வருகிறது. எனவே "நெஞ்சு" என்கிறார்கள், "தோள்" என்கிறார்கள், "விலா" என்கிறார்கள், பலர் "இங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை வேறெங்கோ வைக்கிறார்கள். அடிக்குப் பெயர் மாறினால் சிகிச்சையும் மாறிவிடும் என்பதை ஈ.சி.ஜி. அறையில் படுத்திருந்தபோதே நான் கற்றிருக்க வேண்டும்.

பெண்ணின் மார்பகத்துக்குள் தசை இல்லை. பால் சுரப்பிகளும், அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும், தோலிலிருந்து உள்நோக்கி ஓடும் கூப்பர் நார்கள் எனப்படும் மெல்லிய இணைப்பு நார்களுமே இருக்கின்றன. இவை அத்தனையும் மார்புத் தசையின் மேல் அமர்ந்திருக்கின்றன. தொடையில் ஓர் அடி விழுந்தால், இறுகிய தசை அந்த விசையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மார்பகத்தால் இறுக முடியாது. முன்னிருந்து முழங்கையோ தலையோ மோதும்போது, அதற்கும் பின்னாலுள்ள விலா எலும்புக்கும் இடையில் மென்திசு நசுங்குகிறது. சிறு ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிகிறது. இறுகிக் கட்டுப்படுத்தத் தசையில்லாத அந்த இடத்தில் ரத்தம் பரவவும் தேங்கவும் நிறைய இடமிருக்கிறது. அதனால்தான் அங்கு வரும் ரத்தக்கட்டு சில வேளைகளில் வெளியே தெரியும் நிறத்தைவிட உள்ளே பெரிதாக இருக்கிறது.

கபடியில் இந்த மோதல் எப்போது நேர்கிறது என்று யோசித்தால், ஆட்டத்தின் இலக்கணத்திலேயே அது இருக்கிறது என்று தெரியும். மகளிர் ஆடுகளம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு பக்கத்துக்கு வெறும் 6 மீட்டர் ஆழம். அந்த இடத்துக்குள் ஏழு பேர் நிற்கிறார்கள், எட்டாவதாக ஒருத்தி மூச்சடக்கிப் பாடிக்கொண்டு நுழைகிறாள். டேஷ் என்பது தோளையும் மார்பையும் கொண்டு இடிப்பது. பிளாக் என்பது ஓடி வருபவளின் முன்னால் உடம்பைச் சுவராக வைப்பது. கணுக்கால் பிடிக்குப் பாய்பவள் முதலில் தரையில் விழுவது மார்பின் மேல்தான். கைகோத்துச் செயின் போட்டு மூவராக மேலே விழும்போது, அடியில் குப்புறக் கிடக்கும் ரெய்டரின் மார்பின் மீது அத்தனை எடையும் இறங்குகிறது. 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் மகளிர் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதற்குப் பிறகு, மேட், ஷூ, உடற்பயிற்சி என்று எல்லாமே மாறி, பெண்கள் முன்னைவிட வேகமாகவும் வலுவாகவும் மோதுகிறார்கள். அதை மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன். மோதலின் வலு கூடிய அளவுக்கு உடம்பைப் பற்றிய பேச்சும் கூடியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

இது எங்கள் மைதானத்தின் கூச்சம் மட்டும்தானோ என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவின் வொலாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 46 விளையாட்டுகளைச் சேர்ந்த 504 முன்னணி வீராங்கனைகளிடம் கேட்டறிந்து 2019இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. அவர்களில் 36 விழுக்காட்டினர் மார்பகத்தில் அடிபட்டதாகச் சொன்னார்கள். அதைப் பயிற்சியாளரிடமோ மருத்துவரிடமோ சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ரக்பி, ஆஸ்திரேலிய ஃபுட்பால் போன்று உடலோடு உடல் மோதும் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதே குழுவினர் செய்த ஆய்வில், அடிபட்டவர்கள் பாதிக்கு மேல், 58 விழுக்காடு. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து, கால்பந்து, சாஃப்ட்பால், கைப்பந்து வீராங்கனைகள் 194 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்விலும் ஏறத்தாழப் பாதிப் பேர் அடிபட்டிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் 2.1 விழுக்காடு. ஃபிசியோ, மருத்துவர், காப்பீடு என்று எல்லா வசதிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெண்கள் இவர்கள். அவர்களே வாய் திறக்கவில்லை என்றால், ஸ்பிரே ஒன்றும் பஞ்சு ஒரு பொட்டலமும் மட்டுமே முதலுதவிப் பெட்டியாக இருக்கும் எங்கள் பிள்ளைகளை நான் என்னவென்று குறை சொல்வது?

கட்டி என்ற சொல் கேட்டதும் அந்த அம்மா ஏன் அழுதார் என்பது எல்லாருக்கும் புரியும். மார்பில் அடிபட்டால் பின்னாளில் புற்றுநோய் வரும் என்ற அச்சம் எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அடியால் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் அடிபட்டுக் கொழுப்புத் திசு செத்துப்போகும் ஃபேட் நெக்ரோசிஸ் என்னும் நிலை, கைக்குக் கெட்டியான கட்டியாகவே தட்டுப்படும். சில வேளைகளில் மேலுள்ள தோலைக்கூட உள்ளே இழுக்கும். ஸ்கேன் படத்தில் பார்த்தாலும் புற்றுநோயைப் போலத் தோன்றி மருத்துவர்களையே தயங்க வைப்பதுண்டு. மறுபுறம், முன்பே இருந்த ஒரு கட்டி, அடிபட்ட பிறகு தடவிப் பார்ப்பதால் முதன்முறையாகக் கைக்குத் தட்டுப்படுவதும் உண்டு. ஆகவே "அடிபட்டதால் வந்த கட்டிதான்" என்று நாமே முடிவுகட்டிவிட்டு இருப்பதும் தவறு, புற்றுநோய் என்று எண்ணித் தூக்கத்தைத் தொலைப்பதும் தவறு. எங்கே, எப்போது அடிபட்டது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொன்னால் அவர்களுடைய பாதி வேலை எளிதாகிவிடும். இளம்பெண்களுக்கு மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால், பொதுவாக மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமுக்கு முன் அல்ட்ராசவுண்டையே எடுக்கிறார்கள். அதில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

பாட்டியின் வைத்தியத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் செய்வது அதுதான். ரத்தக்கட்டுக்குச் சூட்டுப் பற்றும் உருவுதலும் கைகண்ட மருந்து என்று நம்புகிறோம். அடிபட்ட முதல் இரண்டு நாட்களில் சூடு பட்டால் ரத்தக்குழாய்கள் விரிந்து கசிவு கூடும். உருவினால் அப்போதுதான் அடைபடத் தொடங்கிய குழாய்கள் மறுபடி உடையும். அந்த இரண்டு நாட்களும் துணியில் சுற்றிய ஐஸைத் தோலில் நேரடியாகப் படாமல் பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுப்பதும், மார்பகம் அசையாதபடி நன்றாகப் பொருந்தும் உள்ளாடையை இரவிலும் அணிந்திருப்பதும், தேவைப்பட்டால் பாரசிட்டமால் எடுப்பதும் போதும். வீக்கம் மணிக்கு மணி பெரிதாகித் தோல் விறைத்துக்கொண்டு வந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் வந்தாலோ, மூச்சு இழுக்கும்போது குத்தினாலோ, சில நாட்களில் சிவந்து காய்ச்சல் கண்டாலோ, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நிறம் மாறி வலி போன பிறகும் கட்டி கரையாமல் சில வாரம் நின்றால் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். மார்பு அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருக்கும் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த அரும்பு மோசமாகச் சிதைந்தால் பின்னாளைய வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

உள்ளாடை பற்றிச் சொன்னேன். 1977இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மூன்று பெண்கள், ஆண் வீரர்கள் இடுப்புக்குக் கீழ் அணியும் சப்போர்ட்டர்கள் இரண்டை ஒன்றாகத் தைத்துத்தான் முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை உருவாக்கினார்கள். ஆண்களின் உடம்புக்கு ஏற்கெனவே கவசம் இருந்தது, பெண்கள் அதைப் பிரித்துத் தங்களுக்கு ஒன்று தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியிலும் அதே கதைதான். ஆண்கள் கிரிக்கெட் அணிக்குப் பேட், பந்து, இடுப்புக்குக் கீழ் அணியும் கார்டு என்று பட்டியல் எழுதும்போது யாருக்கும் பேனா தயங்கியதில்லை. பெண்கள் கபடி அணிக்கு முதன்முறையாகப் பன்னிரண்டு ஸ்போர்ட்ஸ் பிராக்கள் என்று எழுதி அலுவலகத்தில் வைத்தபோது, "பெண்கள் சீருடை" என்று மாற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் அப்படியே கையெழுத்தானது.

கடையில் வாங்கும்போது நான் பார்ப்பவை சில. வயர் வைத்தது வேண்டவே வேண்டாம், மோதலில் அந்தக் கம்பியே விலாவில் குத்தும். மார்பைத் தாங்குவது பெரும்பாலும் தோள்பட்டை அல்ல, கீழே சுற்றிவரும் பட்டைதான். அதற்குள் இரண்டு விரல் நுழையலாம், கையே நுழைந்தால் தளர்வு. மேலேயும் பக்கவாட்டிலும் சதை பிதுங்கக் கூடாது. ஒரு வருடம் துவைத்துச் சுருங்கி எலாஸ்டிக் போனதை இரண்டாக அணிவதால் பயனில்லை. இதெல்லாம் குதிப்பதாலும் ஓடுவதாலும் வரும் அசைவைக் குறைப்பதற்கு. மேலும் கீழும் மட்டுமின்றி உள்ளும் புறமும் பக்கவாட்டிலுமாக ஏறத்தாழ எட்டு வடிவில் மார்பகம் அசைகிறது என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மார்பு கனத்து வலிப்பவர்களுக்கு நல்ல பிரா பெரிய ஆறுதல். ஆனால் முழங்கை அடியை அது தடுக்காது. அசைவுக்குச் செய்தது வேறு, மோதலுக்குச் செய்வது வேறு.

மோதலுக்குச் செய்ததைப் பார்க்க வேண்டுமென்றால் வாள்வீச்சுக்குத்தான் போக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாக இறங்கிய சென்னையின் பவானி தேவி, மேலாடைக்குள் கெட்டியான மார்புக் கவசம் அணிந்தே களத்துக்குப் போக முடியும். அந்த விளையாட்டில் பெண்களுக்கு அது விதியால் கட்டாயம். ரக்பியில் பெண்கள் மென்மையான மார்புப் பட்டை அணிய விதி இடம் தருகிறது. இத்தனை ஆண்டுகளில் கபடி மேட்டில் அப்படி ஒன்றை அணிந்த ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. வாள்வீச்சின் கெட்டிக் கவசம் கபடிக்கு ஆகாது என்பது உண்மைதான். செயினில் ஒருவர் மேல் ஒருவர் விழும்போது அது எதிராளியின் முகத்தைக் கிழித்துவிடும். மெல்லிய நுரைப்பட்டை தைத்த உள்ளாடை ஒன்று நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்றபடி வந்தால், முதல் ஆளாக வாங்குவேன்.

இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, கணுக்கால், முட்டி, விரல், மார்பு, தோள் என்று வரிசையாகக் கேட்கிறேன். மார்பு என்ற சொல்லைத் தாழ்த்தியும் சொல்வதில்லை, அழுத்தியும் சொல்வதில்லை. முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். ஆண் மாஸ்டர்கள் சிலர், இதை நாங்கள் எப்படிக் கேட்பது என்று என்னிடம் கேட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம், அணி முழுவதும் இருக்கும்போது மற்ற இடங்களோடு சேர்த்துக் கேளுங்கள், கேட்டது காதில் விழுந்தாலே போதும், பிறகு அவர்கள் கேப்டனிடமோ என்னிடமோ வந்து சொல்வார்கள் என்றேன். முதலுதவிப் பெட்டியில் ஐஸ் பைகளோடு ஒரு போர்வையும் வைத்திருக்கிறேன், மைதானத்தின் ஓரத்தில் மறைப்புக் கட்டுவதற்கு.

இரண்டாவது ஸ்கேனுக்கு அந்த மாணவியை அழைத்துப் போனபோது, கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருக்கையில் அவளுடைய அம்மா என் பக்கம் சாய்ந்து, "எனக்கும் ஒண்ணு இருக்குங்க டீச்சர்" என்றார். ஆறு வருடத்துக்கு முன் பால் கறக்கும்போது பசு தலையால் முட்டித் தள்ளியிருக்கிறது. அதே பாட்டி அதே பற்றைப் போட்டிருக்கிறார். வலி போய்விட்டது, கட்டி போகவில்லை. கணவரிடம்கூடச் சொன்னதில்லையாம். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அன்றைக்கு ஓ.பி. நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. மகளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, இருவரும் கீழே இறங்கி ஓடிப்போய் அவர் பேருக்கு ஒரு சீட்டு வாங்கினோம். என்ன தொந்தரவு என்று கவுன்டரில் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கம்பி வலைக்கு அருகில் குனிந்து, "மார்புல அடிபட்ட கட்டிங்க" என்றார்.